கடைசி ராத்திரிக் கணக்கு

கோம்பை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் நாயைத்தான் கேட்பார்கள். செவலை உடம்பு, கறுத்த மூஞ்சி, காட்டுப்பன்றிக்கும் அஞ்சாத சாதி என்று நாங்களும் சளைக்காமல் சொல்லி அனுப்புவோம். நாய்க்கு அரசாங்கக் கணக்கும் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒரு தடவை என்று வைத்திருக்கும் கால்நடைக் கணக்கெடுப்பில் வீட்டு நாய் தனி, தெருநாய் தனி. 2019இல் நாடு முழுக்கத் தெருநாய் 1.53 கோடி என்று வந்தது. வீடில்லாத மனிதருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அது பத்தாண்டுக்கு ஒரு முறை, அதுவும் ஒரே ஒரு ராத்திரி. கடைசியாக நடந்தது 2011 பிப்ரவரி 28 அன்று. அப்புறம் இன்றுவரை இல்லை.

அந்த ராத்திரியின் நடைமுறை இது. பிப்ரவரி 9 தொடங்கி வீடு வீடாக ஏறி இறங்கிப் பெயரெழுதிய வாத்தியார்கள், இருபதாம் நாள் பொழுது சாய்ந்ததும் அதே பகுதிக்குள் இன்னொரு சுற்று வர வேண்டும். இந்தச் சுற்றில் வீடுகளுக்கு வேலையில்லை. தெருவோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, படிக்கட்டின் அடி, கோயில் மண்டபம், ரயில் மேடை, ஹியூம் குழாய் என்று கையேடு பட்டியல் போடுகிறது. சாலையோரம் இறக்கிப் போட்ட சிமெண்டுக் குழாய்க்குள் குடும்பம் நடத்துவோரை அரசாங்கம் தன் புத்தகத்தில் பெயர் சொல்லிக் குறித்திருப்பது, அந்தப் பட்டியலை எழுதியவர் தெருவைப் பார்த்தவர் என்பதற்கு அடையாளம். ஆனால் பார்த்தது பட்டணத்துத் தெரு. கோம்பையில் ரயில் மேடையும் கிடையாது, மேம்பாலமும் கிடையாது. எங்கள் பக்கம் படுக்கை போடுகிற இடம் சாவடி, மந்தை, பஸ் நிறுத்தம், கோயில் வாசல், அறுப்பு முடிந்த களம், கடை அடைத்த பிறகு கிடைக்கும் திண்ணை.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2011இல் மாசி சிவராத்திரி மார்ச் 2. தென் மாவட்டங்களில் சிவராத்திரி என்றால் குலசாமி கும்பிடு. எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள் பெட்டி சுமந்து வந்து இறங்குகிற வாரம். மண்டபத்தில் படுத்திருப்பவர் கும்பிட வந்தவரா, அங்கேயே கிடப்பவரா என்று எழுப்பித்தான் கேட்க வேண்டும். “எந்த ஊருங்கய்யா?” என்று தொடங்கினால் ஊர்ப்பெயர் வரும், குலம் வரும், கோயில் வரும், வீடு இருக்கிறதா என்பதற்கு மட்டும் நேரான பதில் வராது. கிடை போடுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். சொந்த ஊரில் ஓட்டு வீடு நிற்கும், ஆள் அந்த இருபது நாளும் மந்தையோடு காட்டில். அவரை எதில் சேர்ப்பது?

இந்தக் கேள்வி ஒரு காலத்தில் எழவே வழியில்லை. முதலில் இந்தக் கணக்கு வீடற்றவர்களுக்கு என்று பிறக்கவில்லை. எல்லோரையும் அப்படித்தான் எண்ணினார்கள்.

இந்தியா முழுவதையும் ஒரே சமயத்தில் எண்ணிய முதல் நாள் 1881 பிப்ரவரி 17. அன்று தொடங்கி 1931 பிப்ரவரி 26 வரை ஆறு கணக்கெடுப்பும் ஒற்றை ராத்திரிக் கணக்கெடுப்புகள். சில வாரம் முன்பே வீட்டுக்கு எண் போட்டு, இருப்பவர் பெயரை எழுதி வைத்துக்கொள்வார்கள். குறித்த ராத்திரி விளக்கை எடுத்துக்கொண்டு மறுபடி போய், வீட்டில் இல்லாதவரை அடித்துவிட்டு, புதிதாக வந்து படுத்திருப்பவரைச் சிவப்பு மையில் சேர்ப்பார்கள். சத்திரத்தில் இருந்தவரைச் சத்திரத்திலும், படகில் இருந்தவரைப் படகிலும், வண்டிப்பேட்டையில் இருந்தவரை வண்டியடியிலும் எண்ணினார்கள். ரயிலில் போகிறவருக்கு நிலையத்தில் கணக்கு. விடியற்காலையில் வண்டியை நிறுத்தி, விட்டுப்போனவர் உண்டா என்று பெட்டி பெட்டியாகப் பார்த்தார்கள். நாளைப் பொறுக்கியதில்கூட யோசனை இருந்தது. பெரிய திருவிழா, கல்யாண முகூர்த்தம் எதுவும் மோதக் கூடாது. தெருவில் நிலா வெளிச்சம் இருக்க வேண்டும். 1901 மார்ச் 1, 1911 மார்ச் 10, 1921 மார்ச் 18, 1931 பிப்ரவரி 26: நான்குமே வளர்பிறை நாட்கள். டார்ச் லைட் இல்லாத காலத்து நிர்வாகம் சந்திரனையும் சம்பளமில்லாத ஊழியனாக வைத்துக்கொண்டது என்று சொல்லலாம்.

இந்த முறையின் தன்மையை யோசித்துப் பாருங்கள். ஜமீன்தார் அரண்மனையில் படுத்தாலும் பரதேசி மடத்தில் படுத்தாலும் இருவருக்கும் ஒரே விதி: படுத்த இடத்தில் எண்ணிக்கொள். 1891 பிப்ரவரி 26 ராத்திரி, எங்கள் பள்ளத்தாக்குக்கு மேலே பெரியாற்று அணை கட்டும் வேலை நான்காம் ஆண்டாக நடந்துகொண்டிருந்தது. மலையில் குடிசை போட்டுக் கிடந்த கூலிகள் ஆயிரக்கணக்கில். ஊரில் அவர்களுக்கு வீடு இருந்ததா இல்லையா என்று கணக்கெடுப்பு கேட்காது. அன்றைக்கு எங்கே தலை சாய்த்தார்களோ அங்கே ஒரு தலை. வீடற்றவர் என்று தனி இனம் அந்தக் கணக்கில் உருவாகவே இல்லை. வெள்ளைக்காரன் நியாயத்துக்காக இதைச் செய்தான் என்று நான் சொல்ல வரவில்லை. பஞ்சத்துக்கும் வரிக்கும் படைக்கும் ஆள்கணக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒற்றை ராத்திரிக்கு ஊழியர் படை பெரிதாக வேண்டும். பெரும்பாலும் கணக்குப்பிள்ளை, வாத்தியார், ஊர்ப் பெரியவர் என்று கூலி இல்லாத வேலை. 1931இல் காங்கிரஸ் ஜனவரி 11ஆம் தேதியைக் கணக்கெடுப்புப் புறக்கணிப்பு நாளாக அறிவித்திருந்தது. வீட்டு எண்ணை அழிப்பதே சத்தியாகிரகம் ஆன காலம் அது. அந்த ஆண்டு சென்னை மாகாணத்தில் கணக்கெடுப்பை நடத்தியவர் எம்.டபிள்யூ.எம். யீட்ஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. அவரே 1941இல் இந்தியா முழுமைக்கும் கணக்கெடுப்பு ஆணையர் ஆனார். ஒற்றை ராத்திரி முறையைக் கைவிட்டார். போர்க்காலம், பணமில்லை, ஆளில்லை என்பதோடு, ஒரே ராத்திரியில் கோடிக்கணக்கானவரைத் துல்லியமாக எண்ணுகிறோம் என்பதே கற்பனை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இனி ஓர் ஆள் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கே எண்ணினால் போதும். ஒரு ராத்திரி போய், பல நாள் என்று ஆனது. சுதந்திரத்துக்குப் பிறகு 1951இல் தமிழரான ஆர்.ஏ. கோபாலசுவாமி நடத்திய கணக்கெடுப்பும் அதே வழியில் சுமார் மூன்று வாரம் நடந்தது.

நிர்வாகத்துக்கு இது நல்ல மாற்றம்தான். ஆனால் வழக்கமாகக் குடியிருக்கும் இடம் என்ற ஒன்றே இல்லாதவர் அந்த நிமிஷத்தில் கணக்கிலிருந்து வெளியே விழுந்தார். மற்றவர்கள் மூன்று வாரம் அசையாமல் இருக்கும் வீடுகளுக்குள் இருந்தார்கள். இவர் இன்று ஒரு திண்ணை, நாளை வேறு திண்ணை. நிதானமாக எண்ணினால் இரண்டு மூன்று தடவை எண்ணப்படுவார், அல்லது ஒரு தடவையும் எண்ணப்படமாட்டார். ஆகவே பழைய முறையில் ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: கடைசி ராத்திரி. 1961லும் 1971லும் கணக்கெடுப்பாளர் கையேட்டில் அது நிலைத்துவிட்டது. 1971இல் தேதி மாறி மார்ச் 31 ராத்திரி. ஊரெல்லாம் விளக்கேற்றி நடந்த ஒன்று, எஞ்சியவர்களுக்கான மிச்ச வேலையாக இப்படித்தான் சுருங்கியது.

அதில் வந்த எண்களை வரிசையாகப் பார்த்தால் முன்னேற்றம்போல் இருக்கும். 1981இல் 23 லட்சத்துக்கு மேல். 1991இல் 20 லட்சம். 2001இல் 19.43 லட்சம். 2011இல் 17.73 லட்சம். பிரித்துப் பார்த்தால் வேறு கதை. 2001க்கும் 2011க்கும் நடுவில் நகரத்தில் 7.78 லட்சம் 9.38 லட்சமாக ஏறியிருக்கிறது, கிராமத்தில் 11.6 லட்சம் 8.34 லட்சமாக இறங்கியிருக்கிறது. தமிழ்நாடு முழுவதிலும் 2011இல் சுமார் 51 ஆயிரம் பேர், அதில் கிராமப்புறத்தில் 14 ஆயிரத்துக்கும் குறைவு. கிராமத்தில் எல்லோருக்கும் தொகுப்பு வீடு கிடைத்துவிட்டது என்று ஒருவர் இதை வாசிக்கலாம். கிராமத்திலிருந்தவர் பஸ் ஏறிப் பட்டணத்துப் பிளாட்பாரத்துக்குப் போய்விட்டார் என்றும் வாசிக்கலாம். இரண்டுக்கும் நடுவே, இருட்டில் மந்தைப் பக்கம் போக வாத்தியார் சுணங்கினார் என்ற மூன்றாவது வாசிப்பையும் நான் ஒதுக்கமாட்டேன். இருபது நாள் வகுப்பும் நடத்தி, வீடும் ஏறி, கடைசி நாள் ராத்திரி மறுபடி கிளம்பு என்றால் யாருக்கும் கால் வலிக்கும்.

எண்ணப்பட்டால் என்ன, விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் பம்பாயில் இருக்கிறது. பதிலில் பாதி தமிழர்கள் எழுதியது.

1981 ஜூலை 13 அன்று மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே, நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கே அனுப்பப் போவதாக அறிவித்தார். கொட்டுகிற மழைக்காலம். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் உச்ச நீதிமன்றம் போனார். சட்டம் படித்தவர்களுக்கெல்லாம் அவர் பெயரில் உள்ள அந்த வழக்கு தெரியும். அதோடு சேர்ந்து விசாரிக்கப்பட்ட மனுக்களில் ஒன்றைப் போட்டவர் சேலத்துக்காரர் என்பதுதான் பலருக்குத் தெரியாது. நிலமில்லாத கூலி. 1961இல் வேலை தேடிப் பம்பாய் போனவர். தாராவிப் பக்கம் இல்லை, மேற்கு நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய ஒரு கூடு. அதற்கே ஒரு தாதா அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கியதாகத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். 1981 ஜூலையில் கூட்டைப் பிய்த்தெறிந்து, குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாளில் அவர் திரும்பிப் போனார். வேலை அங்கேதான் இருந்தது.

1985 ஜூலை 10 அன்று தீர்ப்பு வந்தது. வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வரிதான் புகழ்பெற்றது. ஆனால் அகற்றுவதைத் தடுக்கவில்லை, மழைக்காலம் முடிய அக்டோபர் 31 வரை பொறுக்கச் சொன்னது. மாற்று இடம் யாருக்கு? 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு. அந்த 1976 கணக்கு பம்பாய்க் குடிசைப் பகுதிகளை ஒரே நாளில், ஜனவரி 4 அன்று எண்ணிய கணக்கு. குடிசைவாசிக்கு அட்டை கிடைத்தது. நடைபாதைக்காரரில் பெரும்பாலோரை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆக, எண்ணாமல் விட்டவர்களிடம் எண்ணப்பட்டதற்கு அத்தாட்சி கேட்டது சட்டம்.

அந்தச் சில மாத அவகாசத்தில் ஒரு காரியம் நடந்தது. 1984இல் தொடங்கிய ஸ்பார்க் என்ற சிறு அமைப்பு, பைக்கலா பகுதி நடைபாதைப் பெண்களோடு சேர்ந்து, அவர்களையே வைத்து அவர்களை எண்ணியது. சுமார் 6,000 குடும்பம், 27,000 பேர். எந்த ஊர், எப்போது வந்தது, என்ன வேலை, என்ன கூலி, வேலைக்கு எப்படிப் போகிறார்கள். நேற்று ராத்திரி வந்திறங்கிய கூட்டம் என்று பேப்பரில் எழுதினார்களே, அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் பத்து இருபது ஆண்டாக அதே நடைபாதையில் இருந்தார்கள். வேலைக்கு நடந்து போய்ச் சேரும் தூரம் என்பதால்தான் அந்த இடம். ‘நாங்கள், கண்ணுக்குத் தெரியாதவர்கள்’ என்ற பொருளில் தலைப்பு வைத்து அதே ஆண்டு அறிக்கை வெளியானது.

இந்தக் கலையை அவர்களுக்கு முன்பே கையில் வைத்திருந்தவர் ஜோகின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். தச்சு வேலை தெரிந்தவர். பம்பாய் ஜனதா காலனியில் குப்பை அள்ள வைப்பதிலிருந்து பள்ளிக்கூடம் நடத்துவது வரை ஊர்வேலையெல்லாம் செய்து தலைவரானவர். 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில், பக்கத்து அணு ஆராய்ச்சி நிலையத்துக்காக ஜனதா காலனியையே பெயர்த்துச் சீத்தா கேம்ப்பில் போட்டார்கள். எத்தனை வீடு, எத்தனை பேர் என்ற கணக்கு எதிராளி கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர் அங்கே கற்றார். அவருடைய தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனம், ஸ்பார்க், நடைபாதைப் பெண்களின் மகிளா மிலன் மூன்றும் சேர்ந்து போன வழி அது: முதலில் நம்மை நாம் எண்ணுவோம், பிறகு அதிகாரியிடம் பேசுவோம். 1991இல் இந்த வித்தை தென்னாப்பிரிக்கா போயிற்று. 1996இல் பல நாட்டுக் குடிசைவாசிகளின் சர்வதேச அமைப்பு உருவாயிற்று. ஜோகினுக்கு 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் காலமானார். பள்ளிக்கூடப் பாடத்தில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

டெல்லியில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 2000ஆம் ஆண்டு ஆஷ்ரய் அதிகார் அபியான் என்ற அமைப்பு ராத்திரி நேரங்களில் தெருத்தெருவாகத் தலை எண்ணியபோது 52,765 வந்தது. கண்ணில் பட்ட ஒருவருக்குப் படாத ஒருவராவது இருப்பார் என்று அவர்களே சொன்னார்கள். மறு ஆண்டு அரசாங்கக் கணக்கெடுப்பு அதே டெல்லியில் கண்டது 24,966. ஓராண்டில் பாதிப் பேருக்கு வீடு முளைக்கவில்லை. தேடியவர் வேறு, தேடிய விதம் வேறு. நியூயார்க்கில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2005ஆம் ஆண்டுக் கணக்கு ராத்திரியில் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஆட்களையே வீடற்றவர்கள்போல் தெருவில் உட்கார வைத்தார்கள். அவர்களில் கால்பங்குக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. அமெரிக்காவில் இப்படி எண்ணுவது ஜனவரி கடைசிப் பத்து நாளில், கடுங்குளிரில். காப்பகத்துக்குள் ஆள் அதிகம் இருக்கும், எண்ணுவது சுலபம் என்பதால். சந்திரனைத் துணைக்கு வைத்த அதே புத்திதான்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். கோம்பை மேற்கு மலையின் அடியில் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் ராமக்கல் மெட்டு. அந்த முகட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம், இடுக்கி மாவட்டம், ஏலத்தோட்டங்கள். கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், கம்பம் என்று இந்த அடிவாரம் முழுக்க விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறிப் பொழுதுபட இறங்குகிற சனம். ஒரு பகுதியினர் இறங்குவதே இல்லை. தலைமுறையாகத் தோட்டத்து லயத்திலேயே குடியிருப்பவர்கள். லயம் தோட்டத்தின் சொத்து. வேலை போனால் கூரையும் போகும். கணக்கெடுப்புக்கு அவர்கள் வீடுள்ளவர்கள். கதவு இருக்கிறது, எண் இருக்கிறது, அடுப்பெரிகிறது.

2011 பிப்ரவரி 28 ராத்திரி அவர்கள் யாரும் வீடற்றோர் படிவத்தில் வரவில்லை; வர நியாயமும் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றியது. குமுளி எல்லையில் இரண்டு பக்கமும் கூட்டம், தடையுத்தரவு. தோட்டங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அடி உதைக்கும் மிரட்டலுக்கும் பயந்து, ரோட்டைத் தவிர்த்துக் காட்டுத் தடங்களில் இறங்கி அடிவாரத்து ஊர்களுக்கு வந்தன. கையில் துணி மூட்டை, இடுப்பில் பிள்ளை. சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை சிலருக்கு, மண்டபம் சிலருக்கு. பத்து மாதத்துக்கு முன்னால் எண்ணி மூடிய புத்தகத்தில் அவர்களுக்கு வரி இல்லை. ஐரோப்பாவில் 2005இல் ஒரு வகைப்பாடு வந்தது. கூரையே இல்லாதவர், தற்காலிக இடத்தில் இருப்பவர், எந்நேரமும் வெளியேற்றப்படக்கூடியவர், இருக்கவே லாயக்கில்லாத வீட்டில் இருப்பவர் என்று நான்கு படியாக எண்ணலாம் என்கிறது. லயத்துக்காரர் அதில் மூன்றாவது படி. நம்முடைய கணக்கில் படியே கிடையாது: உள்ளே, அல்லது வெளியே.

எண்ணிக்கையைத் தொட்டு வரும் திட்டமும் எங்களைத் தாண்டித்தான் போகிறது. குளிரில் டெல்லித் தெருவில் ஆள் செத்ததை 2010இல் உணவு உரிமை வழக்கின் ஆணையர்கள் உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார்கள். ஒரு லட்சம் நகர மக்களுக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம் என்ற அளவு அதிலிருந்து வந்தது. 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் திட்டத்திலும் அதுவே நின்றது. கவனித்தால், இந்த அளவுகோலுக்கு வீடற்றவர் எத்தனை பேர் என்பதே தேவையில்லை. ஊரின் மொத்தத் தலையை வைத்துப் பெருக்கிக்கொண்டால் போதும். எண்ணியவர்களையே நம்பாத அதிகாரிகள் கண்டுபிடித்த குறுக்குவழி என்று இதைப் பாராட்டவும் செய்யலாம். கோம்பை பேரூராட்சி, கணக்கெடுப்புக்கு அது நகரம். மக்கள்தொகையோ லட்சத்துக்கு வெகு கீழே. 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் கூரையில்லாத குடும்பத்தை வேறு கேள்வி கேட்காமல் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் விதி இருந்தது, அது கிராமத்துக்கு. பேரூராட்சிச் சாவடியில் படுத்திருப்பவர் கிராமத்தானும் இல்லை, காப்பகம் கட்டும் அளவுக்கு நகரத்தானும் இல்லை.

2021இல் வர வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவில் நின்று, தள்ளித் தள்ளிப் போய், 2027 மார்ச் 1ஐக் குறிநாளாக வைத்து 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. காகிதம் இல்லை, செல்பேசிச் செயலி. வேண்டுமென்றால் வீட்டிலிருந்தபடி நம் விவரத்தை நாமே இணையத்தில் நிரப்பலாம். பம்பாய் நடைபாதைப் பெண்கள் தம்மைத் தாமே எண்ணியதற்கும் இதற்கும் பெயரில் மட்டும் ஒற்றுமை.

பழைய வழக்கம் மாறாவிட்டால் பிப்ரவரி 28 ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாத்தியார்கள் மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும். இம்முறை சிவராத்திரி மார்ச் 6, ஒரு வாரம் தள்ளி; குலசாமி கூட்டம் அவ்வளவாகக் குழப்பாது. கிளம்புவதற்கு முன் அவர்கள் ஒரு வேலை செய்யலாம். ஜீப் ஏறும் இடத்து டீக்கடைக்காரரிடமும், சாவடியைக் கூட்டுகிற அம்மாவிடமும் அரைமணி நேரம் பேச்சுக் கொடுத்தால், யார் எந்தத் திண்ணையில், எத்தனை மாதமாக, மலையிலிருந்து இறங்கியவரா, மகன் வீட்டை விட்டு வந்தவரா என்று பகல் வெளிச்சத்திலேயே ஒரு பட்டியல் கைக்கு வந்துவிடும். ராத்திரி போய்ச் சரிபார்த்தால் போதும். 1881இலும் அப்படித்தான் செய்தார்கள்: முதலில் எழுதி வைத்துக்கொண்டு, குறித்த ராத்திரியில் சிவப்பு மையோடு போனார்கள்.